வாசிகசாலை மேசையும் நாட்டு நடப்பும்
(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



சங்கத்தின் காரியதரிசி என்னிடம் வந்து, ஆண்டு விழாவிலே அரைமணி நேரம் பேசவேண்டும் என்று கேட்டபொழுது, பெரியபுராணத்திலிருந்து ஒரு சரிதத்தை எதிர்பார்க்கிறார் என்றே எண்ணினேன். அவரோ, "அதற்கு வேறு பெரியவர்கள் வருகிறார்கள். நீங்கள் எங்கள் வாசிகசாலை மேசையில் என்ன பத்திரிகை கிடக்கவேண்டும், அதில் எதைப் படிக்கவேண்டும் என்று சொல்லுங்கள்" என்றார். சைவ வாலிபர் மேடையிலே பத்திரிகைப் பேச்சா என்று முன்வரிசையிலுள்ள சில பெரியவர்கள் முகஞ் சுளிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுத்தருளுமாறு அவர்களை வேண்டிக்கொள்கிறேன். இது நம் சமயத்துக்குப் புறம்பான விஷயமன்று.

சென்ற ஆண்டு நம் கோயில் கொடியேற்றத்துக்கு நாலைந்து நாட்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். இச்சங்கத்து இளைஞர் ஒருவர் சைக்கிளில் பதறிக்கொண்டு வந்தார். இந்த ஆண்டு தேர் இழுக்கத் தடை போட்டுவிட்டார்கள், இன்னார்தான் அதற்குக் காரணம் என்று ஒரு செய்தி கைத்தொலைபேசியிலே வந்திருந்தது. "ஆர் தம்பி இதை எழுதினது?" என்று கேட்டேன். "குறூப்பில வந்தது மாஸ்ரர். எல்லாரும் அனுப்புகினம்" என்றார். "எல்லாரும் அனுப்பட்டும், முதல் எழுதினது ஆர்?" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. கோயில் முகாமையாளர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். இருவரும் நடந்து போய்க் கேட்டோம். தேர் வடம் மாற்றுவதற்குப் பணம் சேர்க்கும் யோசனையில் இருந்த அந்த மனிதர் எங்களை விசித்திரமாகப் பார்த்தார். தடையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. ஆனால் அதற்குள் அச்செய்தியில் குறிப்பிடப்பட்ட மனிதரின் வீட்டு வேலியை இரவோடிரவாக யாரோ பிய்த்துவிட்டார்கள்.

வேலியோடு போயிற்றே என்று நாம் ஆறுதலடையலாம். 1958ஆம் ஆண்டு பாணந்துறையிலே வேலியோடு போகவில்லை.

அந்தக் கதையைச் சொல்லுமுன் நம் சாத்திரத்தில் ஒரு சிறு விஷயம். சிவஞானசித்தியார் சுபக்கத்தைப் படிக்கத் தொடங்குபவர்கள் முதலிலே காண்பது பதியும் பசுவும் பாசமும் அல்ல; அளவை. ஒரு பொருள் உண்டு என்று எதைக்கொண்டு நிச்சயிக்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் அருணந்தி சிவாசாரியார் மேலே செல்கிறார். காட்சி, கருதல், உரை என அளவைகள் சொல்லப்படுகின்றன. காட்சியிலும் ஐயக்காட்சி உண்டு, திரிபுக்காட்சி உண்டு. மங்கலில் நிற்பது கட்டையோ மனிதனோ என மயங்குவது ஐயம். கயிற்றைப் பாம்பென்று துணிவது திரிபு. உரை என்பது நாம் நேரே காணாததை நம்பத் தகுந்தவர் சொல்ல அறிவது. ஆப்தர் வாக்கு என்று வடமொழியாளர் சொல்வர்.

உலக நடப்பில் நாம் நேரே காண்பது எவ்வளவு? நம்மூர்ச் சந்தையும் வயலும் பாடசாலையுந்தான். கொழும்பிலே நடப்பதும் காசாவிலே நடப்பதும் நமக்கு உரையளவையால் மட்டுமே வருவன. ஆகையால் பத்திரிகை படிப்பவன் கேட்கவேண்டிய முதற்கேள்வி, சொல்பவன் ஆப்தனா என்பதே. அவன் அங்கே போனானா, யாரைக் கண்டான், யாரைக் கேட்டான், தனக்குப் பிடிக்காத உண்மையையும் எழுதினானா? இந்தக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லக்கூடிய எழுத்துக்கள் சிலவற்றையே இன்று உங்களுக்குச் சிபாரிசு செய்யப்போகிறேன்.

முதலாவது, நம் நாட்டு எழுத்து. 1958ஆம் ஆண்டு மே மாதத்திலே இலங்கையில் இனக்கலவரம் மூண்டது. மே 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டுப் பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. அப்பொழுது "சிலோன் ஒப்சேவர்" பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் தார்சி விட்டாச்சி என்னும் சிங்களவர். தணிக்கை காரணமாக இங்கே பத்திரிகையிலே எழுத முடியாததை அவர் நூலாக்கினார். அந்த ஆண்டிலேயே இலண்டனில் "எமேர்ஜென்சி '58" என்ற பெயரில் அது வெளிவந்தது.

அந்நூலில் பாணந்துறைக் கதை வருகிறது. பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருத்தி மட்டக்களப்பிலே படிப்பித்தாளாம்; அவளைத் தமிழர் சித்திரவதை செய்து கொன்றுவிட்டார்களாம். இப்படி ஒரு வதந்தி ஊரிலே பரவியது. கூட்டம் திரண்டது. அங்கிருந்த கந்தசுவாமி கோயிலுக்குப் போனார்கள். கோயிற் குருக்களை வெளியே இழுத்து உயிரோடு எரித்தார்கள். விட்டாச்சி இதை எழுதிவிட்டு அடுத்து ஒரு காரியஞ் செய்கிறார். அந்த ஆசிரியை யார் என்று தேடுகிறார். கல்விப் பகுதியினர் ஆராய்ந்து பார்த்ததில், பாணந்துறையிலிருந்து போய் மட்டக்களப்பிலே படிப்பித்த ஆசிரியை எவருமே இல்லை என்று தெரியவந்ததை எடுத்துக் காட்டுகிறார்.

அன்பர்களே, இல்லாத ஒருத்திக்காக, சிவபூசை செய்த கையினர் ஒருவர் எரிக்கப்பட்டார். நம் தம்பி சைக்கிளில் கொண்டுவந்த செய்திக்கும் இதற்கும் பருமனிலே வேறுபாடு உண்டு; வகையிலே இல்லை. அன்றைக்கு வாயாலே பரவியது. இன்றைக்கு விரலாலே பரவுகிறது, அதுவும் கண்மூடித் திறப்பதற்குள்.

இன்னுமொன்று கவனியுங்கள். இந்த உண்மையை ஆராய்ந்து எழுதியவர் சிங்களவர். தமிழர் பகுதிகளிலே சிங்களவருக்கு இழைக்கப்பட்ட தீங்குகளையும் அவர் மறைக்கவில்லை. தம் இனத்தவரின் அரசாங்கம் கைகட்டி நின்றதையும் மறைக்கவில்லை. 1959ஆம் ஆண்டு அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. "எங்கள் ஆட்கள் எழுதினால்தான் படிப்பேன்" என்று இருப்பவர் இந்தப் புத்தகத்தைத் தொடாமலே போய்விடுவார். யாருக்கு நட்டம்? நம் முன்னோர் அப்படி இருக்கவில்லை. 1841ஆம் ஆண்டு அமெரிக்க மிஷன் பாதிரிமார் "உதயதாரகை"யைத் தொடங்கியபோது, வேற்றுச் சமயத்தாரின் பத்திரிகை என்று ஒதுக்கிவிடவில்லை. படித்தார்கள், படித்துத்தான் மறுத்தார்கள். சைவ பரிபாலன சபையார் 1889ஆம் ஆண்டிலே "இந்து சாதனம்" நடத்தத் துணிந்ததற்கும் அந்தப் படிப்பே ஓர் அடிப்படை.

இரண்டாவதாக நான் சொல்வது ஜப்பான் தேசத்தைப் பற்றியது. 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. குண்டின் வலிமையைப் பற்றியும் விஞ்ஞானிகளின் சாமர்த்தியத்தைப் பற்றியும் பத்திரிகைகள் எவ்வளவோ எழுதின. குண்டுக்குக் கீழே இருந்த மனிதரைப் பற்றி எழுதியவர் மிகச் சிலர். ஜோன் ஹேர்சி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1946ஆம் ஆண்டு அங்கே போனார். பலரைக் கண்டு பேசி, அவர்களில் ஆறு பேரைத் தெரிந்தெடுத்தார். ஒரு காரியாலய எழுதுவினைப் பெண், யுத்தத்திலே கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு வாழும் தையற்காரி, இரண்டு வைத்தியர்கள், ஒரு ஜெர்மானியக் கத்தோலிக்கக் குரு, ஒரு ஜப்பானிய மெதடிஸ்த போதகர். இந்த அறுவரும் அன்று காலை என்ன செய்துகொண்டிருந்தார்கள், பின்னர் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் முழுக் கட்டுரையும்.

"நியூயோர்க்கர்" என்ற சஞ்சிகை பகிடிச் சித்திரங்களுக்கும் நாகரிகக் கட்டுரைகளுக்கும் பேர்போனது. அதன் ஆசிரியர்கள் 1946 ஓகஸ்ட் 31ஆம் திகதி இதழ் முழுவதையும் இந்த ஒரு கட்டுரைக்கே ஒதுக்கினார்கள். ஏறக்குறைய 30,000 சொற்கள்! பகிடிச் சித்திரம் ஒன்றுகூட இல்லை. அட்டையில் மட்டும் மக்கள் பூங்காவிலே உல்லாசமாகப் பொழுது போக்கும் படம் இருந்தது.

அதை நான் பல தடவை படித்திருக்கிறேன். அதிலே "ஐயோ" என்ற சொல்லை ஆசிரியர் நமக்காகச் சொல்வதில்லை. தையற்காரி தன் பிழைப்புக்கு ஆதாரமான தையல் இயந்திரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு ஓடுகிறாள். பின்னொரு நாள் அது துருப்பிடித்துக் கிடக்கிறது. எழுதுவினைப் பெண்ணின் மேலே புத்தக அலுமாரிகள் சரிந்து விழுகின்றன. செஞ்சிலுவை வைத்தியசாலையிலே காயப்படாமல் தப்பிய ஒரே வைத்தியர், வந்து குவியும் ஆயிரக்கணக்கானோருக்கு இயந்திரம்போல மருந்து கட்டிக்கொண்டிருக்கிறார். இவ்வளவுதான் எழுதுகிறார். படிப்பவர்களுக்குப் புத்தகத்தை வைத்துவிட்டுச் சற்றுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றும். 1990ஆம் ஆண்டிலும் 1995ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் வீடு விட்டு ஓடிய அனுபவமுள்ள தாய்மார் இச்சபையிலே இருக்கிறீர்கள். அந்தத் தையல் இயந்திரத்தின் கதையை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஹேர்சி அதோடு விட்டுவிடவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின், 1985ஆம் ஆண்டிலே, அந்த அறுவரின் பிற்கால வாழ்க்கையையும் தேடிப்போய் எழுதினார். போன வாரத்துச் செய்தியை இந்த வாரம் மறக்கும் நமக்கு இஃதொரு பாடம்.

இனி ஐ. எவ். ஸ்ரோன் என்பவரைப் பற்றி. இவரை வாலிபர்களுக்கு விசேடமாகச் சிபாரிசு செய்கிறேன். ஏனெனில் இவரிடம் பணமும் இல்லை, பெரிய இடத்துச் சிநேகிதமும் இல்லை, காதும் சரியாகக் கேளாது. வாஷிங்டனிலே 1953ஆம் ஆண்டு தொடக்கம் 1971ஆம் ஆண்டுவரை தம் வீட்டிலிருந்தே ஒரு சிறு பத்திரிகை நடத்தினார். மந்திரிமார் கூட்டம் போட்டுச் சொல்வதைக் காதால் வாங்குவது கடினமாகையால், அரசாங்கம் அச்சடித்த அறிக்கைகளை ஒன்றுவிடாமல் படிப்பதே அவருடைய வழக்கம். ஒரு பக்கத்திலே சொன்னதை இன்னொரு பக்கத்திலே அவர்களே மறுத்திருப்பார்கள். அதைப் பிடித்துவிடுவார்.

1957ஆம் ஆண்டு செப்டெம்பரில் நெவாடா வனாந்தரத்தில் அமெரிக்கர் நிலத்தின் கீழே ஓர் அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்கள். மறுநாட் பத்திரிகையிலே பெரிய செய்தியின் வாலிலே, தூரதேசத்து நிலநடுக்க நிலையங்கள் சிலவற்றிலும் அதிர்ச்சி பதிவானதாகச் சில வரிகள் இருந்தன. ஸ்ரோன் அந்தத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். சில மாதங்களின் பின் அணுசக்தி ஆணைக்குழு ஓர் அறிக்கை விட்டது. அந்த வெடிப்பை 200 மைலுக்கு அப்பால் அறிய முடியாதாம்! இது சாதாரணப் பேச்சன்று. தூரத்திலிருந்து அறிய முடியாதென்றால், அணுகுண்டுப் பரீட்சைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை செய்து பயனில்லை, களவாகச் செய்பவனைப் பிடிக்க முடியாது என்று வாதிக்கலாமல்லவா? ஸ்ரோன் தம் துண்டை எடுத்துக்கொண்டு, நிலநடுக்கங்களைப் பதிவுசெய்யும் அரசாங்கப் பகுதிக்கே போனார். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் அலாஸ்காவிலும் அது பதிவாகியிருந்தது. ஆணைக்குழு தன் கணக்கைத் திருத்திக்கொள்ளவேண்டி வந்தது.

ஒரு கத்தரிக்கோலும் ஞாபகசக்தியும் செய்த வேலை இது. நமது வீடுகளிலே பத்திரிகை வந்ததும் முதலிலே பார்ப்பது மரண அறிவித்தல், அடுத்தது இராசிபலன், பிறகு நேரமிருந்தால் கிரிக்கெற். மரண அறிவித்தலைக் குறைகூற மாட்டேன். அது சுற்றத்தாரைப் பற்றிய செய்தி, அதிலே பொய்யும் குறைவு. இராசிபலனைப் பற்றி இங்கே பேசினால் சில பெரியவர்கள் என்னோடு கோபிப்பார்கள். ஆனால் வால் வரிகளைப் படியுங்கள். மந்திரி அடிக்கல் நாட்டினார் என்ற செய்தியை வெட்டி ஒரு கொப்பியிலே ஒட்டித் திகதியும் போட்டு வையுங்கள். இரண்டு வருடங்கழித்து அந்தக் கல்லைப் போய்ப் பாருங்கள். கல் மாத்திரம் நின்றால், இந்நாட்டிலே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கந்தோருக்கு எழுதிக் கேளுங்கள். சட்டப்படி பதில் தரவேண்டிய பொறுப்பு அவர்களுடையது.

இந்தியாவிலே இன்றும் எழுதிக்கொண்டிருப்பவர் பி. சாய்நாத். 1990களின் முற்பகுதியிலே மிக வறிய மாவட்டங்களுக்குப் போய், "ரைம்ஸ் ஒப் இந்தியா" பத்திரிகைக்கு 84 கட்டுரைகள் அனுப்பினார். வறுமையைப் பற்றிப் பட்டணத்திலிருந்து எழுதுவோர் பலர். இவர் நடந்தும் வண்டியேறியும் சென்று அந்த மக்களோடு தங்கி எழுதினார். வரட்சி வந்தால் நிவாரணப் பணத்தை யார் யார் பங்கிடுகிறார்கள் என்பதைக் கணக்கோடு காட்டினார். 1996ஆம் ஆண்டிலே அவை நூலாக வந்தன. வரட்சி என்றால் எல்லாருக்கும் விருப்பந்தான் என்ற கேலியான பொருளிலே அதற்குப் பெயரிட்டார். 2014ஆம் ஆண்டு கிராமிய இந்தியாவைப் பற்றிய ஓர் இணையத்தள ஆவணக் காப்பகத்தையும் தொடங்கினார். நெசவாளர், மீன்பிடிகாரர், கள்ளிறக்குவோர், துப்புரவுத் தொழிலாளர் என்று அவர்களுடைய வேலையையும் கூலியையும் விவரிக்கும் கட்டுரைகள் அங்கே தமிழிலும் கிடைக்கின்றன. பணம் கட்டவேண்டியதில்லை. ஆங்கிலம் தெரியாது என்று சொல்லி நழுவப் பார்க்கும் தம்பிமாருக்கு இதையே முதலிலே வைக்கிறேன்.

நமது தீவிலே இத்தகைய எழுத்துக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதையும் அறியவேண்டும். 1959ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே தொடங்கிய "ஈழநாடு" பத்திரிகையின் காரியாலயம், 1981ஆம் ஆண்டு பொதுசன நூலகம் எரிந்த அதே நாட்களிலே எரிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி.க்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் "உதயன்" காரியாலயத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2009ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி "சண்டே லீடர்" ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொழும்பிலே வீதியில் வைத்துக் கொல்லப்பட்டார். தம் மரணத்தை எதிர்பார்த்து எழுதியதாக அமைந்த அவருடைய ஆசிரியத் தலையங்கம் மூன்று நாட்களின் பின் வெளிவந்தது. அதையும் படிக்கவேண்டிய பட்டியலிலே சேர்த்திருக்கிறேன். ஓர் அரசாங்கத்தோடு மோதிய பத்திரிகாசிரியர், தம் பிழைகளுக்கும் இடம் வைத்து, தாம் ஏன் எழுதினேன் என்று விளக்கும் முறை நிதானமானது.

எந்தப் பத்திரிகையை எடுப்பது என்று காரியதரிசி கேட்டார் அல்லவா? ஒன்றை எடுக்காதீர்கள், இரண்டை எடுங்கள். 1930ஆம் ஆண்டிலிருந்து வருகின்ற "வீரகேசரி"யும் 1932ஆம் ஆண்டிலிருந்து வருகின்ற "தினகரன்"உம் ஒரே சம்பவத்தை எப்படிச் சொல்கின்றன என்று பக்கத்திலே பக்கமாக வைத்துப் பாருங்கள். "தினகரன்" வெளியாகும் ஏரிக்கரை நிறுவனம் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசாங்கத்தின் கைக்குள் வந்தது என்பதைப் படிப்பவன் அறிந்திருக்க வேண்டும். தனியார் பத்திரிகைக்கும் முதலாளி உண்டு, விளம்பரம் தருபவன் உண்டு. முதலாளி இல்லாத பத்திரிகை எங்கும் இல்லை. அவனைத் தெரிந்துகொண்டு படிப்பதற்கும் தெரியாமல் படிப்பதற்கும் வித்தியாசமுண்டு. யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றும் வேண்டும். நம் வீதியையும் கிணற்றையும் பற்றிக் கொழும்பார் எழுதமாட்டார்கள். சந்தாப் பணம் மிஞ்சினால் சென்னையிலிருந்து வரும் "ஃபுரொன்ட்லைன்" என்னும் ஆங்கிலச் சஞ்சிகையை எடுக்கலாம். 1984ஆம் ஆண்டு தொடங்கியது. நீண்ட கட்டுரைகளுக்கு அதிலே இடங் கொடுக்கிறார்கள்.

பழைய பத்திரிகை எதற்கு என்று கேட்பவர்கள் "நூலகம்" என்னும் இணைய நூலகத்துக்குள் ஒருமுறை போய்வாருங்கள். 2005ஆம் ஆண்டு தொடங்கிய அம்முயற்சியினால் "இந்து சாதனம்", "ஈழகேசரி" முதலியவற்றின் பழைய இதழ்களை வீட்டிலிருந்தே வாசிக்கலாம். நம் பாட்டன்மார் எதைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள் என்று பார்ப்பதிலே சுவாரசியம் உண்டு. சில சமயம் வெட்கமும் உண்டு.

கைத்தொலைபேசியை எறிந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். என் பேரனே கேட்கவில்லை. ஒரு செய்தியை மற்றவருக்கு அனுப்புமுன், சைக்கிளில் வந்த தம்பியோடு நான் நடந்ததுபோல ஒரு சிறு நடை நடந்து பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்கிறேன். முகாமையாளர் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. எல்லாச் செய்திக்கும் அப்படி இராது. அதனாலேதான் நமக்குப் பதிலாக நடப்பவர்கள் வேண்டியிருக்கிறது.

நேற்றுச் செயற்குழுவோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வாசிகசாலையின் கீழைச் சுவரோடுள்ள அலுமாரியின் இரண்டாந் தட்டிலே விட்டாச்சியின் நூலும் ஹேர்சியின் நூலும் சாய்நாத்தின் நூலும் வைக்கப்பட்டிருக்கின்றன. வெட்டி ஒட்டுவதற்கு ஆறு பெரிய கொப்பிகளும் கத்தரிக்கோலும் பசையும் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டுப் பிரார்த்தனை முடிந்ததும் ஹேர்சியின் முதல் அத்தியாயத்தை வாசிப்போம். ஒருவர் ஆங்கிலத்திலே வாசிக்க, நான் பந்தி பந்தியாகத் தமிழிலே சொல்வேன். வேலி பிய்த்த வீட்டுக்காரரையும் அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொன்னார். கதிரைகள் போதாது. முன்னேற வருபவர்கள் பாய் கொண்டுவாருங்கள்.